டிசம்பரில் சிங்கப்பூரிலிருந்து திருச்சிக்கு நாலு பேருக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். இன்காக்னிட்டோவில் (பிரவுசரில் தேடிய வரலாறு பதியாத தனி ஜன்னல்) தேடினால், செவ்வாய் நள்ளிரவில் எடுத்தால் விலை குறையும் என்கிறார்களே, உண்மையா?

இரண்டும் இல்லை. ஆனால் அந்த நம்பிக்கை எப்படி முளைத்தது என்று சொல்ல முடியும். நானும் அதை நம்பித் திரிந்தவன்தான்.

எனக்கு ஊர் புதுக்கோட்டைப் பக்கம். வேலை சிங்கப்பூர் துவாஸில் ஒரு கப்பல் பட்டறையில். 14 வருடமாக இதே வழித்தடத்தில் போய்வருகிறேன். முதலில் தனியாள், பிறகு இரண்டு பேர், இப்போது உங்களைப் போலவே நாலு பேர். வேறு வழித்தடங்களைப் பற்றி அதிகம் பேச எனக்கு அருகதை இல்லை. இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் பேசலாம்.

மூன்று வருடத்துக்கு முன் ஜூன் விடுமுறைக்கு ஊருக்குப் போகலாம் என்று முடிவாயிற்று. இரவுச் சாப்பாடு முடிந்து போனில் நாலு பேர் என்று போட்டுத் தேடினேன். ஒரு வழிக்கு ஆளுக்கு 312 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பக்கத்து பிளாக் நண்பன் ஒருவன் வந்திருந்தான். அவனும் தேடிப் பார்த்துவிட்டு, "மச்சான், எனக்கு 246தான் காட்டுது. நான் எப்பவும் இன்காக்னிட்டோலதான் தேடுவேன்" என்றான். அதே விமானம், அதே தேதி, அதே இணையதளம். நானும் இன்காக்னிட்டோவில் போய்ப் பார்த்தேன். 312. சந்தேகம் வந்து அவன் போனை வாங்கி, ஒருவர் என்று இருந்ததை நாலு பேர் என்று மாற்றினேன். அதிலும் 312. என் போனில் ஒருவர் என்று போட்டேன். 246. அன்றோடு எங்கள் வீட்டில் இன்காக்னிட்டோ செத்தது.

நடந்தது இதுதான். திருச்சிக்குப் பறக்கும் விமானங்களில் 180 சொச்சம் இருக்கை இருக்கும். எல்லாம் ஒரே மாதிரி இருக்கைதான், ஆனால் ஒரே விலைக்கு விற்பதில்லை. முதல் சில இருக்கை இந்த விலை, அடுத்த சில இருக்கை அதற்கு மேல் என்று அடுக்கடுக்காகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு ஆங்கில எழுத்து உண்டு. உங்கள் இ-டிக்கெட்டில் வகுப்பு என்ற இடத்தில் க்யூ என்றோ எம் என்றோ தனியாக நிற்பது பெரும்பாலும் அதுதான். அந்த இரவு 246 அடுக்கில் இரண்டே இருக்கைதான் மிச்சம். நாலு பேருக்குக் கேட்டால், இரண்டு பேருக்கு ஒரு விலை, மற்ற இரண்டு பேருக்கு வேறு விலை என்று பிரித்துத் தர அந்த மென்பொருளுக்குத் தெரியாது. நாலு பேருக்கும் இடமிருக்கும் அடுக்கைத் தேடி மேலே ஏறிவிடும். ஆகவே நால்வருக்கும் 312.

நான் செய்தது: என்னையும் மகனையும் ஒரு புக்கிங்கில் 246க்குப் போட்டேன். மனைவியையும் மகளையும் அடுத்த புக்கிங்கில் 312க்கு. 132 வெள்ளி மிச்சம். இதைச் செய்கிறவர்கள் ஒவ்வொரு புக்கிங்கிலும் ஒரு பெரியவர் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். குழந்தையைத் தனி டிக்கெட்டில் விட்டுவிட்டால் செக்-இன் செய்யும்போது தலைவலி. இன்னொன்று, நாளை விமான நேரம் மாறினால் இந்த இரண்டு புக்கிங்கும் ஒரே குடும்பம் என்று அவர்களுக்குத் தெரியாது. நீங்கள்தான் இரண்டுக்கும் சேர்த்துப் பேச வேண்டும்.

முதல் இரண்டு டிக்கெட்டை எடுத்த கையோடு மறுபடி தேடினேன். ஒருவருக்கே 312 காட்டியது. விவரம் தெரியாமல் இருந்திருந்தால், 'பார்த்தாயா, நான் வாங்குவேன் என்று தெரிந்துகொண்டு விலையை ஏற்றிவிட்டான்' என்றுதான் நானும் சொல்லியிருப்பேன். ஏற்றியவன் நான்தான், மலிவு அடுக்கைக் காலி செய்தது என் கைதானே. இதே போல, ஒப்பிட்டுக் காட்டும் தளங்களில் ஒரு விலையைப் பார்த்து உள்ளே போனால் வேறு விலை வருவதும் உண்டு. அந்தத் தளம் சற்று முன் எடுத்து வைத்திருந்த பழைய விலை அது. அதற்குள் வேறு யாரோ அந்த இருக்கையை எடுத்திருப்பார்கள்.

செவ்வாய்க்கிழமைக் கதையும் இந்த ரகம்தான். விலை இப்போது ஒரு நாளுக்குள்ளேயே பலமுறை மாறுகிறது. நீங்கள் எந்தக் கிழமையில் வாங்குகிறீர்கள் என்பதில் ஒன்றும் இல்லை. எந்தக் கிழமையில் பறக்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வெள்ளி இரவு கிளம்பி ஞாயிறு இரவு திரும்ப எல்லோருக்கும் ஆசை. செவ்வாய், புதன் பகலில் கிளம்ப யாருக்கும் ஆசை இல்லை. அதனால்தான் அந்த நாட்களில் கீழ் அடுக்கு இருக்கைகள் நீண்ட நாள் கிடக்கின்றன.

கடைசி நேரத்தில் இருக்கை மிச்சமிருந்தால் மலிவாகக் கொடுப்பார்கள் என்று ஒரு கூட்டம் சொல்லும். உழவர் சந்தைக் கணக்கு அது. மதியம் ஆனால் கீரைக்கட்டு பாதி விலைக்கு வரும், சாயங்காலம் தாண்டினால் மல்லிகைப்பூ கூறு போட்டுக் கிடக்கும். பறந்துபோன விமானத்தின் காலி இருக்கையும் வாடிய பூ மாதிரிதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் விமானக்காரன் விலையை இறக்குவதற்குப் பதில் ஏற்றுகிறான். கடைசி மூன்று நாளில் டிக்கெட் தேடுகிறவன் போயே தீர வேண்டியவன் என்று அவனுக்குத் தெரியும். கீரைக்காரம்மாவுக்கு அப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைப்பதில்லை. அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 1977இல் சூப்பர் சேவர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. முன்கூட்டியே வாங்குகிறவனுக்கு மலிவு, கடைசியில் வருகிறவனுக்கு முழு விலை. நாம் இன்றைக்குப் பார்க்கும் விளையாட்டு அந்த வழியில் வளர்ந்ததுதான்.

என் மாமனார் இறந்த இரவு ஒரு வழிக்கு 480 வெள்ளி கொடுத்து எடுத்தோம். அந்த மாதிரிப் பயணத்துக்கு எந்த உபாயமும் கிடையாது. அதற்கென்று கொஞ்சம் பணத்தைத் தொடாமல் வைத்திருப்பது ஒன்றுதான் வழி. நம்மில் நிறையப் பேர் வைத்திருக்கிறோம், வெளியில் சொல்வதில்லை.

இனி காலண்டர் விஷயம். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை ஜூனில் ஒன்று, நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடிய ஒன்று. நடுவில் தீபாவளி, பிறகு பொங்கல். இந்த நாட்களில் திருச்சி விமானத்தில் மலிவு அடுக்கு சீக்கிரம் கரைந்துவிடும். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு ஜூலை, ஆகஸ்டில் இதே பாடு.

ஆனால் கூட்டம் எப்போதும் ஒரு பக்கம்தான் ஓடும். ஜூன் முதல் வாரத்தில் எல்லோரும் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போகிறோம். அதே விமானம் திருச்சியிலிருந்து திரும்பும்போது இங்கே வர ஆள் குறைவு. ஜூன் கடைசியில் அப்படியே தலைகீழ். போன வருடம் இதைத்தான் பயன்படுத்திக்கொண்டோம். நாலு பேர் ஊருக்குப் போவதற்குப் பதிலாக, அம்மாவையும் அப்பாவையும் ஜூன் தொடக்கத்தில் இங்கே வரவழைத்து ஜூன் கடைசியில் அனுப்பினோம். இரண்டு பேர்தான், அதுவும் இரண்டு பக்கமும் கூட்டத்துக்கு எதிர்த்திசை. நாங்கள் நாலு பேரும் போய்வர ஆகியிருக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. அப்பாவுக்கு மெரினா பே எல்லாம் பிடிக்கவில்லை. தேக்கா சந்தையில் காய்கறி விலையைக் கேட்டுக் கேட்டு வியந்ததோடு சரி.

எத்தனை நாள் முன்னால் எடுப்பது என்று கேட்டால், என் பழக்கத்தைச் சொல்கிறேன். சாதாரண நாட்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பு. விடுமுறை, பண்டிகை என்றால் தேதி முடிவான அன்றே, அது நாலு மாதம் முன்பாக இருந்தாலும் சரி. பட்ஜெட் விமானங்களில் போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் தனித்தனி விலைதான்; சேர்த்து எடுத்தால் தள்ளுபடி என்பது பெரும்பாலும் இல்லை. ஆகவே ஸ்கூட்டில் போய் இண்டிகோவிலோ ஏர் இந்தியா எக்ஸ்பிரஸிலோ திரும்புவதில் தவறில்லை. எனக்கு விசுவாசம் கிடையாது.

தேடுவதற்கு நான் வைத்திருப்பது இரண்டு. கூகுள் ஃப்ளைட்ஸில் தேதி போடும் கட்டத்தைத் திறந்தால் மாதம் முழுக்க விலை விரிந்து கிடக்கும்; 'விலையைக் கண்காணி' என்று தட்டிவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் மின்னஞ்சல் வரும். ஸ்கைஸ்கேனரில் தேதி போடாமல் முழு மாதம் என்று தேடலாம். இரண்டையும் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்குவதை நேராக விமான நிறுவனத்தின் தளத்தில் வாங்குங்கள். இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், ஒருமுறை பட்டிருக்கிறேன்.

பெயரே கேள்விப்படாத ஒரு ஏஜென்சித் தளத்தில் ஆளுக்கு 22 வெள்ளி குறைவாக இருந்தது. எடுத்தேன். இரண்டு மாதம் கழித்து விமான நிறுவனம் அந்த நாள் சர்வீஸை ரத்து செய்தது. அவர்கள் அனுப்பிய தகவல் எனக்கு வரவில்லை, ஏஜென்சியின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. புக்கிங் செய்யும்போது என் மின்னஞ்சலுக்குப் பதில் தங்களுடையதை அவர்கள் கொடுத்து வைத்திருந்தார்கள். எதேச்சையாக நான் போய்ப் பார்த்ததில்தான் தெரிந்தது. விமான நிறுவனத்தைக் கேட்டால், பணத்தை ஏஜென்சிக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். ஏஜென்சியைக் கேட்டால், இன்னும் வரவில்லை என்று ஒரே வாக்கியத்தை நாலு மாதம் சொன்னார்கள். கடைசியில் அவர்களுடைய சேவைக் கட்டணம் என்று ஒரு தொகையைக் கழித்துக்கொண்டு மீதி வந்தது. 22 வெள்ளி போன இடம் தெரியவில்லை.

நேரடியாக எடுப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதிப்படி, இந்திய நிறுவனத்தின் தளத்திலேயே எடுத்திருந்து, பயணத்துக்குப் போதிய நாளும் இருந்தால், விதியில் சொன்ன மணி நேரத்துக்குள் கட்டணமில்லாமல் ரத்து செய்யலாம் அல்லது மாற்றலாம். எத்தனை மணி நேரம், எத்தனை நாள் முன்பு என்ற நிபந்தனையை எடுக்கும்போதே படித்துக்கொள்ளுங்கள். நான் இதை எப்படிப் பயன்படுத்துகிறேன் என்றால், நல்ல விலை கண்ணில் பட்டதும் முதலில் எடுத்துவிடுவேன். அதற்குப் பிறகுதான் சூப்பர்வைசரிடம் லீவு கேட்பேன். கிடைத்தால் சரி, இல்லையென்றால் அன்றிரவே ரத்து.

ஏஜென்ட் என்றாலே மோசம் என்று சொல்வதாக நினைக்க வேண்டாம். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு அண்ணன் கடை வைத்திருக்கிறார். நான் வந்த புதிதில் அவரிடம்தான் டிக்கெட். விலை பத்து இருபது வெள்ளி கூடுதலாக இருக்கும். ஆனால் கொரோனா நேரத்தில் எல்லாம் அடைபட்டுக் கிடந்தபோது, "தம்பி, காசு வந்திடுச்சு, வந்து வாங்கிட்டுப் போ" என்று அவராகவே போன் போட்டார். முகம் தெரிந்த மனிதர் என்பதற்கு அந்தப் பத்து வெள்ளி தகும். முகமே இல்லாத இணைய ஏஜென்சிக்குத் தகாது.

அடுத்தது லக்கேஜ். நம் ஊர்க்காரர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இங்கேதான். திரையில் முதலில் தெரியும் விலையில் கையில் கொண்டுபோகும் பை மட்டும் இருக்கலாம். ஸ்கூட்டின் அடிப்படைக் கட்டணத்தில் 10 கிலோ கேபின் பேக்தான், கீழே போடும் பெட்டிக்குத் தனிக் காசு. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸும் லைட் என்ற பெயரில் பெட்டி இல்லாத டிக்கெட் விற்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஊருக்கு 10 கிலோவோடு போகிறவன் யார்? கோடாலித் தைலம், மைலோ, அத்தை பையனுக்கு ஷூ என்று 30 கிலோ தாண்டிவிடும். ஆகவே இரண்டு நிறுவனத்தை ஒப்பிடும்போது உங்களுக்குத் தேவையான கிலோவையும் சேர்த்துப் போட்டு, பணம் கட்டும் பக்கம் வரை போய், கடைசி எண்ணை ஒப்பிடுங்கள். பெட்டியை டிக்கெட்டோடு சேர்த்து எடுப்பது மலிவு, பிறகு சேர்த்தால் அதிகம், கவுன்ட்டரில் போய் நின்றால் கொள்ளை. திரும்பி வரும்போது அம்மா கட்டிக்கொடுக்கும் அரிசி முறுக்கு, ஊறுகாய், மசாலாப் பொடியின் எடையை யாரும் முன்கூட்டிக் கணிக்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பணம் கட்டும் பக்கத்துக்குப் போகிற வழியில் இன்ஷூரன்ஸ், இருக்கைத் தேர்வு, சாப்பாடு என்று அவர்களே டிக் போட்டு வைத்த கட்டங்கள் இருந்தால் அந்த டிக்கை நீக்கிவிடுங்கள். கேட்காமலே கூடையில் பொருளைப் போடும் இந்தத் தந்திரத்தை இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் முறைகேடு என்றே வகைப்படுத்தியிருக்கிறது. இருந்தாலும் கண்ணைத் திறந்துகொண்டு போவது நல்லது.

சுற்றி வந்தால் மலிவு என்பதையும் வீட்டு வாசல் வரை கணக்குப் போட்டுத்தான் பார்க்க வேண்டும். சென்னைக்கு ஆளுக்கு 60 வெள்ளி குறைவாக ஒருமுறை கிடைத்தது. தனியாளாக இருந்திருந்தால் எடுத்திருப்பேன். நாலு பேருக்கு 240 மிச்சம். அதில் நள்ளிரவில் இறங்கி, டாக்ஸி பிடித்து, கிளாம்பாக்கம் பஸ் நிலையம் போய், நாலு பஸ் டிக்கெட் எடுத்து, திருச்சி வரை சுமார் 300 கிலோமீட்டர் உட்கார்ந்து, அங்கிருந்து புதுக்கோட்டை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு அது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. கல்யாணத்துக்கு முன்பு கோலாலம்பூர் வழியாகவே ஒருமுறை போயிருக்கிறேன். ஜொகூர் பாரு போய், பஸ் ஏறி, ஏர் ஏஷியாவில் திருச்சி. விலை நன்றாகக் குறைந்தது. ஆனால் உட்லண்ட்ஸ் பாலத்தில் பஸ் இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. தனித்தனியாக எடுத்த டிக்கெட்டில் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தவன் பொறுப்பேற்க மாட்டான் என்பது அந்த இரண்டு மணி நேரமும் நெஞ்சில் அடித்துக்கொண்டே இருந்தது. பிடித்துவிட்டேன். ஆனாலும் மறுபடி செய்யவில்லை.

வேறு ஊருக்கு மலிவாகக் கிடைக்கும் டிக்கெட்டை எடுத்து, நடுவில் விமானம் மாறும் ஊரிலேயே இறங்கிவிடும் உபாயம் ஒன்றை யூடியூபில் காட்டுவார்கள். நம் வழித்தடத்துக்கு அது பொருந்தவே பொருந்தாது. பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், ஒரு பகுதியில் ஏறாவிட்டால் மிச்சப் பயணமும் ரத்தாகிவிடும். விடுங்கள்.

பெயர் விஷயத்தை இதற்குள் ஏன் இழுக்கிறேன் என்று கேட்காதீர்கள். மலிவாக எடுத்த டிக்கெட் நமக்கு விலை கூடிப்போவது இதில்தான். நம்மில் பலருடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி. இன்ஷியலை விரித்து அப்பா பெயர் சேர்த்தவர்களுக்கு ஒரு மாதிரி, சேர்க்காதவர்களுக்கு வேறு மாதிரி. புக்கிங் தளமோ கடைசிப் பெயர் இல்லாமல் நகராது. சிலர் அதில் இன்ஷியலைப் போடுவார்கள், சிலர் அப்பா பெயரைப் போடுவார்கள். பாஸ்போர்ட்டில் இல்லாததை டிக்கெட்டில் போட்டால் சிக்கல். ஒற்றைப் பெயர் இருந்தால் அதையே இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும் நிறுவனமும் உண்டு, வேறு முறை சொல்லும் நிறுவனமும் உண்டு. அந்தந்தத் தளத்தின் உதவிப் பக்கத்தில் பார்த்து அப்படியே செய்யுங்கள். என் மனைவிக்கு ஒருமுறை தவறாகப் போட்டுத் திருத்தியதில், ஒரு மாதம் விலை பார்த்துக் காத்திருந்து மிச்சப்படுத்தியது மொத்தமும் போயிற்று. "நீங்க காத்திருந்ததே வேஸ்ட்ங்க" என்றாள். பதில் சொல்லவில்லை.

போக முடியாமல் போனாலும் டிக்கெட்டை அப்படியே விட்டுவிடாதீர்கள். இந்திய நிறுவனமாக இருந்தால், ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கூடுதல் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக் கூடாது. அரசு வரியும் விமான நிலையக் கட்டணமும் நீங்கள் பறக்காவிட்டால் உங்களுக்குத் திரும்பி வர வேண்டியவை, சலுகை டிக்கெட்டாக இருந்தாலும்கூட. கேட்டால்தான் கொடுப்பார்கள் என்பது என் அனுபவம். கேளுங்கள்.

உங்கள் டிசம்பர் பயணத்துக்கு நான் என்ன செய்வேன் என்று சொல்லி முடிக்கிறேன். பள்ளி விடுமுறை நவம்பரிலேயே தொடங்கிவிடுவதால் முதல் வாரக் கூட்டம் போய்விடட்டும். டிசம்பர் இரண்டாவது வாரத்தில் ஒரு செவ்வாயோ புதனோ கிளம்புங்கள். திரும்புவதற்கு ஆண்டின் கடைசி இரண்டு மூன்று நாளைத் தொடவே வேண்டாம். ஜனவரி முதல் வாரத்தில் பள்ளி திறப்பதால் மொத்தச் சிங்கப்பூரும் அந்த நாட்களில்தான் திருச்சி விமான நிலையத்தில் நிற்கும். கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு கிளம்பிவிட்டால் விலையும் குறையும், பிள்ளைகளுக்குச் சீருடை வாங்கவும் நேரம் இருக்கும். இப்போதே ஒருவர் என்று போட்டு ஒரு விலை பாருங்கள், இரண்டு பேர் என்று ஒன்று, நாலு பேர் என்று ஒன்று. மூன்றும் ஒரே விலையாக இருந்தால் கீழ் அடுக்கில் நாலு இருக்கையாவது இருக்கிறது என்று அர்த்தம். உடனே எடுத்துவிடுங்கள். விலை வேறுபட்டால் பிரித்து எடுங்கள்.

தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து என்று நாங்களும் அதே இரண்டாவது வாரம்தான் கிளம்புகிறோம். எனக்கு இன்னும் லீவு உறுதியாகவில்லை. புதன்கிழமை விமானத்தை மட்டும் கொஞ்சம் விட்டுவையுங்கள்.